ஈச்சமரத்துக் குருவிகளும் இரண்டு சேதிகளும்

காந்திமதிக்கு அந்தக் குருவியின் போக்கே பிடிபடவில்லை.

விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கிராமமான கெடாரில், கெங்கம்மாள் வீட்டுப் பின்புறம், கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் வந்து கூடு கட்டிக்கொண்டிருந்தன. தலையில் மஞ்சள் அப்பினாற்போலிருந்த ஒரு குருவி, கம்பந்தாளை நார் நாராகக் கிழித்துக் கொண்டுவந்து, ஓலை நுனியில் முடிச்சுப் போட்டு, வளையம் பின்னி, குல்லாய் அளவுக்கு வளர்த்துவிட்டது. ஈரமண்ணைக்கூட உள்ளே பூசிற்று. பிறகு என்ன நினைத்ததோ, அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து ஓலையில் புதிதாக இன்னொன்றை ஆரம்பித்தது.

"நல்லாத்தானே இருந்திச்சு?" என்று குடத்தை இடுப்பில் வைத்தபடி அதனிடமே கேட்டாள்.

காந்திமதி பட்டணத்திலிருந்து வந்தவள். அந்த 1942ஆம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. அவள் புருஷன் அரங்கநாதன் இரும்புப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். அவனுக்கு லீவு இல்லை. நெரிசலில் அவளை ஜன்னல் வழியாக ரயிலுக்குள் ஏற்றிவிட்டு, "அக்கா ஊட்ல இரு. நான் சொல்லியனுப்பறேன்" என்றான். கெங்கம்மாள்தான் அவனுடைய அந்த அக்கா; காந்திமதிக்கு அண்ணி முறை.

ஆடி பிறந்ததும் சேதி வந்தது. வந்த பிறகுதான் குழப்பமே.

முதலில் சொன்னவர் பெரியதம்பி. ஊரிலிருந்து பட்டணத்துக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போகிறவர். "உன்னைக் கூட்டிக்கினு வரச் சொன்னாரும்மா. அடுத்த தபா போறப்ப ரெடியா இரு." காந்திமதி துணிமணிகளை மூட்டை கட்டினாள். அதே வாரம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வந்த அப்பாதுரை, அரங்கநாதனோடு வேலை செய்பவர், வேறு மாதிரி சொன்னார். "இப்ப வரவே வேணாமாம். அங்கியே பத்திரமா இருக்கச் சொன்னாரு." மூட்டையை அவிழ்த்தாள்.

எந்தச் சேதி முந்தியது, எது பிந்தியது என்று விசாரித்தால், இரண்டு பேருமே அவனை வெள்ளிக்கிழமைதான் பார்த்தார்களாம்.

என்மேல் அக்கறையா, இல்லை நான் வந்தால் பாரம் என்று நினைக்கிறாரா? ஒரே நாளில் இரண்டும் எப்படி ஒரு மனுஷனுக்குள் இருக்கும்? கேப்பை அரைக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் இதுவே ஓடியது. வேலை முடிந்ததும் கிணற்றடிக்கு வந்து குருவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அங்கே போனால் அது வேறு அவளைக் குழப்பியது.

அழகாயிருப்பதும் ஓயாமல் உழைப்பதும் பெண்ணாகத்தான் இருக்கும் என்று மஞ்சள் தலையைப் பெண்டாட்டி என்று முடிவுகட்டியிருந்தாள். பழுப்பு நிறத்தில் இன்னொன்று எப்போதாவது வரும். கூட்டில் தொற்றிக்கொண்டு எட்டிப்பார்க்கும், ஒரு நாரைப் பிடித்து இழுக்கும், பறந்துவிடும். "சோம்பேறிப் புருஷன்! ஒரு புல்லாவது எடுத்தாந்தானா பாருங்க அண்ணி" என்று திட்டினாள்.

கெங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அடிப் போடி! மஞ்சத்தலைதான் ஆம்பளை. பாதி கட்டிட்டுப் பொட்டையைக் கூவிக் கூப்புடும். அது வந்து பாத்துப் புடிச்சாத்தான் மீதி. புடிக்கலன்னா வேற கட்டும்."

காந்திமதிக்குத் தலை சுற்றியது. இத்தனை நாள் பார்த்ததையெல்லாம் இப்போது தலைகீழாக நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. "அப்போ அந்த மொதல் கூட்டுக்கு இன்னா கொறச்சல்?"

"எனக்கின்னா தெரியும்? அதையே கேளு."

மறுநாள் பழுப்புக் குருவி இரண்டாவது கூட்டுக்குள் நுழைந்தது. வெளியே மஞ்சள் தலை சிறகடித்துக்கொண்டு தொங்கியது. வெகுநேரம் கழித்து வெளிவந்த பெட்டை, நேரே கம்பங்கொல்லைப் பக்கம் போயிற்று. பிடித்ததா, பிடிக்கவில்லையா? காந்திமதியால் சொல்ல முடியவில்லை. ஆனால் அது தானே வந்து பார்த்துவிட்டல்லவா போகிறது! வா என்றும் வராதே என்றும் ஊரார் சொல்லக் கேட்டுக்கொண்டு, தான் மட்டும் ஏன் மூட்டையைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

"அண்ணி, நான் போய் அவரையே பாத்துட்டு வர்றேன்" என்றாள். கெங்கம்மாள் தடுக்கவில்லை. பெரியதம்பியையே துணைக்குச் சேர்த்து அனுப்பினாள்.

விழுப்புரத்தில் ஏறிய ரயில், திண்டிவனத்தில் எதிர்வண்டிக்காக நின்றது. பட்டணத்திலிருந்து வந்த அந்த வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து நின்றதும், எதிர் ஜன்னலில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் அரங்கநாதன்.

"நீ எங்க இங்க?" என்று கத்தினான்.

"உங்களைப் பாக்கத்தான் போறேன்! நீங்க?"

"நான் உன்னைப் பாக்கத்தான் வர்றேன்!"

யார் இறங்குவது என்று கேட்க நேரமில்லை. இரண்டு பேருமே இறங்கினார்கள். விசில் ஊதி, இரண்டு வண்டிகளும் ஆளுக்கொரு திசையில் புறப்பட்டன. "இன்னா பேஜாரும்மா இது! மூட்டை, மூட்டை!" என்று அலறிய பெரியதம்பி அவள் துணிமூட்டையை ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போனார்.

"வரச் சொன்னீங்களா, வேணாம்னீங்களா?" மூட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "ரெண்டும் நான்தான் சொன்னேன். காலைல பெரியதம்பியைப் பாத்தப்ப, நீ வந்துட்டா தேவலைன்னு இருந்திச்சு. சாயங்காலம் குண்டு வருதுன்னு சங்கு ஊதிச்சு, ஜனங்க ஓடிச்சு. எதிர்ல அப்பாதுரை வந்தாரு. வேணாம்னுட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள் மறுபடி வரட்டும்னு இருந்திச்சு. சொல்லியனுப்ப ஆள் கெடைக்கல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் தான் மட்டுந்தான் குழம்பிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். ஸ்டேஷன் வாசலில் இட்டிலி வாங்கித் தின்றார்கள்.

"இப்ப எந்தப் பக்கம்?" என்றான்.

"பட்டணத்துக்கே போவலாம்."

"அங்க பொழுது சாஞ்சா விளக்கு ஏத்த முடியாது. இருட்டுலதான் கெடக்கணும்."

"ரெண்டு பேராக் கெடந்தாப் பரவால்லீங்க."

"பயமா இல்லியா?"

அவள் யோசித்தாள். "இருக்குது. ஆனா கெடார்ல தனியா இருந்தப்பவும் இருந்திச்சே. எது பெரிசுன்னு தெரியல."

வண்டி வருவதற்கு அடையாளமாகக் கைகாட்டி இறங்கியது. அரங்கநாதன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, விழுப்புரம் போகும் வண்டி நிற்கும் பக்கமாக நடந்தான். காந்திமதி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, பட்டணத்து வண்டி நிற்கும் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.