நீலக் கோடு போட்ட வெண்ணெய்க் கிண்ணம்

ஹேவர்பிரிட்ஜ் ஊரைச் சுற்றிப் பார்க்க வியாழக்கிழமைச் சந்தையன்று பத்தே முக்கால் பஸ்ஸில் வருகிறவர்களில் மூன்று நான்கு பேர் செத்தவர்களாக இருப்பார்கள். மற்றவர்களைப் போலவே அவர்களும் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், சந்தை மண்டபத்துத் தூண்களைத் தடவிப் பார்ப்பார்கள், தேநீர்க் கடையில் உட்கார்ந்து மழையைக் குறை சொல்வார்கள். இதே ஊரில் வாழ்ந்து இங்கேயே புதைக்கப்பட்டவர்கள்தான். ஆனால் ஊரும் நினைவிருக்காது, ஆளும் நினைவிருக்காது. வாங்க நினைத்து வாங்காமல் போன ஒரு பொருள் மட்டும் நினைவிருக்கும். அது கிடைத்துவிட்டால் பஸ் ஏறிப் போய்விடுவார்கள், அப்புறம் வருவதில்லை. அதனால் வியாபாரிகள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கேட்டதை உடனே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெற்ற அப்பாவுக்கே பூட்ஸ் கயிறு கொடுத்து வழியனுப்பியவர் அங்கே உண்டு. மேவிஸ் தோரகுட் மட்டும் பதினோரு வருஷம் கொடுக்கவில்லை.

அவள் கணவர் கிளெமென்ட் ஒரு வியாழக்கிழமை சந்தை மண்டபத்தின் மூன்றாவது படியில் விழுந்து இறந்தார். அன்று காலை முழங்கை பட்டு, நீலக் கோடு போட்ட வெண்ணெய்க் கிண்ணத்தை மூடியோடு உடைத்திருந்தார். "இதே மாதிரி ஒண்ணு வாங்காம இந்த வாசப்படிய மிதிச்சிடாத," என்றாள் மேவிஸ். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எந்த வீட்டிலும் எந்தக் காலையிலும் வருகிற கோபம்தான் அது. அதுவே கடைசிப் பேச்சாகிப் போனதுதான் அவளை அரித்தது.

ஏழு வாரம் கழித்து அதே தொப்பியோடு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, பீங்கான் கடை ஸ்டான்லி பக் என்பவரிடம் அந்தக் கிண்ணத்தைக் கேட்டார். நல்லவேளை, ஸ்டான்லியிடம் அது இல்லை. அந்த வாரமே மேவிஸ் ஸ்டான்லியிடம் பேசி அவர் கடையைத் தானே எடுத்துக்கொண்டாள். சரக்கோடு சரக்காக அதே மாதிரிக் கிண்ணம் ஒன்று வந்தபோது, செய்தித்தாளில் சுற்றி மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

"நீலக் கோடு போட்ட வெண்ணெய்க் கிண்ணம் இருக்குங்களா?" என்பார் அவர்.

"இப்பதாங்க தீந்துச்சு. அடுத்த வாரம் வாங்க."

"அது இல்லாம வீட்டுக்குப் போக முடியாதுங்க. வீட்டுக்காரி கொஞ்சம் கோபக்காரி."

"ரொம்பவோ?"

"சேச்சே. பொழுது சாயறதுக்குள்ள தணிஞ்சிடும். ஆனா கிண்ணம் வேணும்."

இந்த நான்கு வார்த்தைக்காக மற்ற ஆறு நாளையும் அவள் தள்ளினாள். பக்கத்துப் பன்றிக்கறிக் கடை நார்மன், "ஏம்மா, செத்தவன்கிட்டயே பதுக்கல் வியாபாரமா?" என்று முதலில் கேலி செய்தார். போகப் போகக் கேலியை நிறுத்திக்கொண்டார். பதினோராம் வருஷம் கிளெமென்ட்டின் பூட்ஸ் அடி தேய்ந்து விரல் தெரிந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து மேடேறி வர அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நார்மனின் கடை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற கிளெமென்ட்டின் கோட்டு வழியாகப் பின்னால் தொங்கிய இறைச்சித் துண்டங்கள் தெரிந்தன.

"மேவிஸ், இனிமே அவனால இந்த மேட்ட ஏற முடியாது," என்றார் நார்மன் மெதுவாக. "குடுத்துடும்மா."

தன் ஆசைக்காக அவரை அலையவைத்தோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அன்று குனிந்து கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். "வீட்டுக்காரிக்குப் பிடிக்குங்க," என்றாள். அவர் மூடியைத் திறந்து பார்த்து, நன்றி சொல்லி, பஸ் பக்கம் போகாமல் தேவாலய முனையில் திரும்பி அவள் வீட்டுத் தெருவுக்குள் நடந்தார். டிரைவர் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு பஸ்ஸை எடுத்தார்.

நான்கு மணிக்கு மணி அடிப்பதற்கு முன் ஹேவர்பிரிட்ஜில் யாரும் கடையை விட்டு நகரக் கூடாது. எழுநூறு வருஷத்துச் சட்டம், போர்க்காலத்தில்கூட மீறியதில்லை. அப்போது பன்னிரண்டே கால். மேவிஸ் தெருப் பக்கமே பார்த்தபடி யாருக்கோ ஒரு ஜாடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைக்காரர்கள் எல்லோரும் மணி அடிக்கும் ஹெக்டரைப் பார்த்தார்கள். ஹெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், மேவிஸைப் பார்த்தார், கயிற்றை இழுத்து நான்கு அடித்தார். வெளியூர்க்காரர்கள்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் ஓடினாள். வீட்டுக்கு வெளியே, படிக்கு ஒரு சாண் தள்ளி, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி அவர் நின்றிருந்தார். படியை மிதிக்கவில்லை.

"மேவிஸ், இதே மாதிரிதானா பாரு," என்றார்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு தன் பெயரை அந்தக் குரலில் கேட்டாள். கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதேதான். கால நல்லா தொடச்சிட்டு உள்ள வா."

கிளெமென்ட் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலை பால்காரர் யாரும் சொல்லாமலே அந்த வாசலில் ஒரு புட்டிக்குப் பதில் இரண்டு புட்டி வைத்துவிட்டுப் போனார்.