பல்வலி லீவு

முப்பது வருஷம் சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் வாசித்தவன் நான். வயிற்றுவலி, பல்வலி, தாத்தா சாவு எல்லாம் பார்த்தாயிற்று. ஒரே பையனுக்கு நாலு தாத்தா செத்திருக்கிறார்கள். அதனால் எண்பத்தொன்று டிசம்பரில், அரைப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது என் மகள் சுந்தரபாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளுக்கும் கணக்குக்கும் ஆகாது.

“வாயத் தொறடி.”

கடைவாய்ப் பல்லில் கடுகளவு கறுப்புப் புள்ளி.

“இதுக்கா இந்தப் பாடு? எனக்குக் கடலை நுழையுத ஓட்டை இருக்கு. மூணு வருஷமா ஒருநாள் வலிச்சதில்ல.”

“நெசமாவே வலிக்குதுப்பா.”

அன்றிலிருந்து கண்காணித்தேன். கணக்குப் புத்தகத்தை எடுத்தால் வலி. சாயங்காலம் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போக மட்டும் வாய் நன்றாகத் திறந்தது. “டாக்டர்ட்ட காட்டிருவமே” என்று என் மனைவி மார்த்தாள் இழுத்தாள். அவளும் கூட்டு என்று தோன்றியது. ஒரு கடலைமிட்டாய் வாங்கிவந்து, என் கண்ணெதிரே கடிக்கச் சொன்னேன். சுந்தரபாய் கடித்தாள், மறுபக்கத்துப் பல்லிலேயே மென்றாள், விழுங்கினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. குட்டு வெளிப்பட்டது என்று எழுந்துபோய்விட்டேன்.

எட்டாம் நாள் காலையில் அவள் முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது.

நல்லவேளை, வியாழக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து வாராவாரம் வரும் பல் டாக்டர் முகம்மது மைதீனிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். அங்கேயும் என் புத்தி போகவில்லை. இத்தனூண்டு புள்ளி எப்படி இவ்வளவு செய்யும், எனக்கு ஏன் வலிக்கவில்லை என்று குறுக்கு விசாரணை செய்தேன்.

“உங்க வயசுக்கு பல்லு உள்ளுக்குள்ள தானா சுவரு வச்சுக்கிடும் சார். நரம்பு இருக்க எடம் சுருங்கிரும். சொத்தை மெதுவாத்தான் போவும், வலியும் தெரியாது. சின்னப்பிள்ளைப் பல்லுல நுணுக்கமான குழாயெல்லாம் அகலமா கெடக்கும். மேல புள்ளிதான், உள்ள நரம்புவரைக்கும் போயிட்டு. முதல்லயே வந்திருந்தா அடைச்சிருக்கலாம். இனி பிடுங்கத்தான் செய்யணும்.”

அவர் மகளிடம் திரும்பினார். “எத்தனை நாளா வலிக்கும்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். “நேத்துலருந்துதான் டாக்டர்.”

பொய். எனக்காகச் சொன்ன பொய்.

“எட்டு நாளாச்சு டாக்டர்” என்றேன். “நாந்தான் நம்பல.”