சிவப்புக் கோடும் கழித்தல் ஐந்தும்

அக்கா இன்னும் தூங்கவில்லை என்று தெரிந்ததும் வாண்டு போர்வைக்குள்ளிருந்தே பேசினாள்.

"அக்கா, அந்த எட்டாங்கிளாஸ் ஒல்லி ஃபெயிலாகப் போறான். என்னாலதான்."

"ஏன், அவன் பேப்பரைத் தின்னுட்டியா?"

வாண்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. நெஞ்சு மரத்துப்போய்க் கிடந்தது.

பள்ளியில் சிறுவர்கள் நிரல் எழுதக் கணினி சார் ஒரு சின்ன மொழி உண்டாக்கியிருந்தார். பிரவுசரில் திறக்கிற எடிட்டரில்தான் தேர்வு. எது சரியான வரி என்பதற்கு விதிகள் எழுதும் வேலையைப் பத்தாம் வகுப்பு வாண்டுவிடம் நம்பிக் கொடுத்தார். அந்த விதிகளைப் பார்சர் ஜெனரேட்டர் என்ற மென்பொருளில் கொடுத்தால், வரிகளைப் படித்துப் பார்க்கும் பார்சரை அதுவே செய்து தரும். விதிக்குள் அடங்காத இடத்தில் எடிட்டர் சிவப்புக் கோடு போடும்.

எண்களுக்கு விதி எழுதியவள், பூஜ்ஜியத்துக்குக் கீழே எண் உண்டு என்பதையே மறந்துபோனாள்.

"இன்னைக்குப் பரீட்சையில அவன் -5ன்னு சரியாத்தான்கா எழுதினான். கீழே சிவப்புக் கோடு. அழிச்சு அழிச்சு நாலு தடவை எழுதினான். அப்புறம் மொத்தத்தையும் அழிச்சுட்டான். நான் பின்னாடியே நிக்கிறேன். மேற்பார்வைக்கு நிக்கிறவங்க வாயைத் திறக்கக் கூடாதாம்."

"சோதிச்சுப் பார்க்கலையாடி?"

"எல்லாம் சோதிச்சாச்சுன்னு சார்கிட்ட சொன்னேன். அஞ்சே அஞ்சு வரிதான் போட்டுப் பார்த்தேன்."

காலையில் சார் மதிப்பெண்களை ஏற்றிவிடுவார். அழித்ததையெல்லாம் எடிட்டர் சேமித்து வைத்திருக்கும்தான், சொன்னால் பார்ப்பார். சொல்லாவிட்டால் ஏன் பார்க்கப்போகிறார்?

வாண்டு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். விதியில் ஒரே ஒரு வரியைத் திருத்தி, பார்சரைப் புதிதாக உருவாக்கியிருந்தாள். -5க்குக் கீழே கோடு இல்லை.

"இதை ஏத்திட்டா யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள் அக்கா.

"தெரியாதுக்கா. அதான் பயமா இருக்கு."

"சொன்னா எடிட்டர் பக்கமே உன்னை விடமாட்டாருடி."

"ம்."

அவள் பழைய விதியைத் திரும்பப் போட்டாள். -5 என்று அடித்தாள். சிவப்புக் கோடு வந்தது. அதைப் படமெடுத்து சாருக்கு அனுப்பினாள்: 'சார், இது என் தப்பு. நான் சரியா சோதிக்கலை. ஒல்லி அழிச்சதைத் தயவுசெஞ்சு பாருங்க.'

போய்விட்டது. அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை.

அக்கா போர்வையை இழுத்து அவள் பாதங்களை மூடினாள்.

"என்னடி, கால் இப்படிச் சில்லுனு கிடக்கு?"

"தெரியலக்கா," என்றாள் வாண்டு.