முக்கால்

"டார்ச்சை என் மூஞ்சியில அடிக்காதீங்க மாமா, பம்புல அடிங்க" என்றாள் பாப்பா, காருக்கு அடியிலிருந்து.

பாப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. பல் டாக்டரிடம் பதினோரு வருடமாக உதவியாளர். காதோரம் நரைத்தும் வீட்டில் அவள் பாப்பாதான். நேற்று காலை வரை அப்படிக் கூப்பிட மூன்று பேர் இருந்தார்கள், இப்போது இரண்டு.

மாமா டார்ச்சைத் திருப்பினார். வெளிச்சம் அவருடைய செருப்பில் விழுந்தது. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தூங்குகிறவன் முகத்தில் டார்ச் அடித்து எழுப்பியே பழகிய கை, இயந்திரத்தின் மேல் அடி என்றால் எங்கே அடிக்கும்?

உள்ளே கூடத்தில், குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். மூன்று மணிக்கு அவரை ஏற்றிக்கொள்ள வண்டி வரும். இப்போது பன்னிரண்டு பத்து. அதற்குள் அப்பாவின் கார் ஓட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

உத்தரவு பத்து மணி வாக்கில் வந்தது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "அக்கா, நீயும் பாப்பாவும் என் கார்லயே வந்துடுங்க" என்று மாமா சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அவர் கார்லதான் வருவேன்."

அது பம்ப் போய், முன்பக்கம் முழுக்கக் கழற்றிக் கிடக்கிறது என்று இரண்டு பேரும் மாறி மாறி எடுத்துச் சொன்னார்கள். அம்மா அசையவில்லை.

"சனிக்கிழமை ஓடும்னு சொன்னாரு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு. மிச்சத்தை நீங்க முடிங்க. ஒரு வேலையையாவது முழுசா முடிச்சிட்டுப் போனாருன்னு இருக்கட்டும்."

அப்பா குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்திலும் தெருவிலும் அவருக்கு முக்கால் என்று பெயர். எல்லா வேலையையும் தானே செய்வார், எல்லாவற்றையும் முக்கால்வாசிதான் செய்வார். குளியலறையில் மூன்று சுவருக்கு ஓடு ஒட்டியிருந்தது, நாலாவது சுவர் பதினெட்டு வருடமாகச் சிமெண்டோடு நின்றது. அவர் பழுது பார்த்த அழைப்பு மணி 'டிங்' என்று மட்டும் சொல்லும், 'டாங்' வராது. புதிதாக வருகிறவர்கள் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி அழுத்துவார்கள். நேற்று காலை சவரம் செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது தாடையில் நுரை அப்படியே இருந்தது. ஓடி வந்த மாமா குனிந்து பார்த்து, "இதுலயும் முக்கால்" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மிச்சத் தாடியை அவர்தான் மழித்துவிட்டார். கை நடுங்காமல் அரை மணி நேரம் செய்தார்.

கார் பெட்ரோலிலும் கரண்டிலும் சேர்ந்து ஓடுகிற வகை. வேறொருவர் ஓட்டியதை அப்பா வாங்கியிருந்தார். போன மாதம் டாஷ்போர்டில் எச்சரிக்கையாகச் சிவப்பு முக்கோணம் எரிந்தது. உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் சூடாகாமல் இருக்க, கூலண்ட் என்கிற இளஞ்சிவப்புத் தண்ணீரைச் சுற்றிவிடும் ஒரு சின்ன பம்ப் நின்றுபோயிருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் வண்டியை நாலு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அப்பாவா விடுவார்? புதுப் பம்பைப் பார்சலில் வரவழைத்தார். வீடியோ வீடியோவாகப் பார்த்து, காலண்டர் தாள்களின் பின்பக்கம் நம்பர் போட்டுக் குறிப்பு எழுதினார். பம்பரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, போல்ட்டுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்தார். 'ஆன் பண்ணாதே, உள்ளே வெந்துவிடும்' என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டினார்.

புதன்கிழமை போனில் இதையெல்லாம் அவர் ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனபோது பாப்பா இடையில் புகுந்து, "அப்பா, நீங்க இதை முடிக்கப் போறதில்ல. ஒர்க்‌ஷாப்லயே விட்டுடுங்க" என்றாள். அவர் சிரித்தார். "சரி பாப்பா" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததால்தான் துக்க வீட்டில் வந்தவர்களை உட்காரவைக்காமல் இங்கே மல்லாந்து கிடந்தாள்.

மாமா குறிப்பை டிக்கெட் பார்ப்பதுபோல எட்டப் பிடித்து வாசித்தார். ஆரஞ்சு நிற வயர் பக்கமே போகாதே என்பதன் கீழே மூன்று கோடு போட்டிருந்தது. அந்த வயர் பம்பிலிருந்து தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் மாமா இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். அடுத்தது கூலண்டை வடிக்க வேண்டும். இவ்வளவு பிரித்துப் போட்டவர் அதை வடிக்காமலா இருப்பார் என்று பாப்பா கிளிப்பை நெருக்கி ஹோஸை இழுத்தாள்.

இளஞ்சிவப்புத் தண்ணீர் மடமடவென்று கொட்டியது. பாதி அவள் கழுத்தில், மீதி எட்டிப் பார்த்த மாமாவின் வெள்ளைச் சட்டையில்.

"முதல் வேலையையே செய்யலையே அத்தான்" என்று மாமா கூடத்தைப் பார்த்துச் சொன்னார். பாப்பாவுக்கும் கோபம்தான் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபம் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பம்ப் மூன்று போல்ட்டில் நின்றது. மேலே இரண்டு கைக்குக் கிடைத்தன. மூன்றாவது, கடைவாயில் கடைசிப் பல் மாதிரி, பார்க்கவும் முடியாமல் தொடவும் முடியாமல் உள்ளே இருந்தது. அவளுக்கு அது புதிதல்ல. அப்பாவின் சவரக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அதில் பார்த்துப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி எடுத்தாள். வெளியே வந்த பம்ப் பளிச்சென்று இருந்தது.

"பழசு மாதிரியே தெரியலையே" என்றார் மாமா.

அப்பா பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்திருப்பார் என்றாள். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். அதை ஓரமாகப் பேப்பரில் வைத்துவிட்டு, பார்சல் பெட்டியைத் திறந்து, அதில் பஞ்சு சுற்றி இதே போலப் பளிச்சென்று இருந்த பம்பை எடுத்து மாட்டினாள். கேனில் மீதியிருந்த கூலண்டில் பாதியை ஊற்றினாள். ஒரு மணி நாற்பதுக்கு, ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வண்டியை ஆன் செய்தாள்.

குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தது. கூலண்ட் ஊற்றுகிற டப்பாவுக்குள் தண்ணீர் கொப்பளித்து ஆடினால் பம்ப் ஓடுகிறது, சும்மா கிடந்தால் ஓடவில்லை. இரண்டு தலைகளும் டப்பாவின் மேல் கவிழ்ந்தன. தண்ணீர் சும்மா கிடந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. அவள் அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் எரிந்தது.

மாமா டப்பாவைத் தட்டிப் பார்த்தார். பிறகு, புதுசே மோசம், பார்சலில் வந்ததை நம்பலாமா என்று ஆரம்பித்தார். பாப்பா வண்டியை அணைத்தாள். அப்பாவுடைய வேலையை அவளாலும் முடிக்க முடியவில்லை. அம்மாவிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்று நினைக்கும்போதே அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். காலையிலிருந்து இப்போதுதான் பெட்டியை விட்டு எழுந்து வருகிறாள். பேப்பரில் கிடந்த பம்பைப் பார்த்தாள்.

"இது ஏன் வெளிய கிடக்கு?"

"அது பழசும்மா. கழட்டிட்டேன்."

"பழசு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கும்."

பாப்பா காலிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"புதுசு வந்த பெட்டியிலதானே உங்கப்பா பழசை வைப்பாரு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். பள்ளியில் படிக்கும்போது பரீட்சைக்கு முந்தின நாள் பல்பு போய்விட்டது. அலமாரியில் நாலு புதுப் பெட்டிகள். நாலிலும் ஃப்யூஸ் போன பல்பு, பஞ்சு சுற்றி வைத்திருந்தார். மாமாவுக்கும் தெரியும். அவர் தன் மேலதிகாரி வீட்டுக் கல்யாணத்துக்கு அவசரத்தில் இந்த வீட்டிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசாகக் கொடுத்தார். உள்ளே முள் இல்லாத கடிகாரம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் மூன்று வருடம் அத்தானோடு பேசவில்லை. இவ்வளவு தெரிந்தும் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் முடித்திருக்க மாட்டார் என்பதில் அவ்வளவு நிச்சயமாக இருந்தார்கள்.

பாப்பா குறிப்புத் தாள்களை வாங்கி வேகமாகப் புரட்டினாள். கடைசித் தாள்வரை அவர்கள் போகவே இல்லை.

'வெள்ளி மாலை 5.40. புதுசு மாட்டியாச்சு. கூலண்ட் ஊற்றியாச்சு. டப்பாவில் தண்ணீர் ஜோராக ஆடுகிறது. ஒரு நாள் கசிவு பார்க்கணும். சனி மதியம் பம்பர். பம்பர் மாட்டிய பிறகு பாப்பாவுக்குப் போன். அதற்கு முன்னால் சொல்லக் கூடாது, சிரிப்பாள்.'

ஸ்டியரிங்கில் ஒட்டிய தாளை எடுக்க மட்டும் மறந்திருக்கிறார்.

பாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே வாய்விட்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

"அவர் முடிச்சு வச்சதை நான் கழட்டிட்டேம்மா."

அம்மா அவள் தலையில் கை வைத்தாள். கூலண்ட் பிசுபிசுத்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கழட்டத் தெரிஞ்சுதுல்ல. மாட்டு."

இந்தமுறை மாமாவே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியனோடு காருக்கு அடியில் புகுந்தார். முதலில் கூலண்டைப் பிடிக்கப் பேசினைக் கீழே வைத்தார்கள். இரண்டு ஐம்பதுக்கு இறுதி ஊர்தி வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஜோடிக் கால்களைப் பார்த்தார். இந்தத் தொழிலில் எவ்வளவோ பார்த்த மனிதர்போல, "யாரைங்க ஏத்தணும்?" என்று நிதானமாகக் கேட்டார். உள்ளே இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று மாமா அடியிலிருந்து சொல்லி, டார்ச்சை அவர் பக்கம் உருட்டிவிட்டார். அவர் சரியான இடத்தில் அடித்தார். மூன்றாவது போல்ட் தெளிவாகத் தெரிந்தது. ஹோஸ் கிளிப்பை அதன் காது கீழே பார்க்கிற மாதிரித் திருப்பிப் போடச் சொன்னதும் அவர்தான்.

மூன்று இருபத்தைந்துக்கு மீதிக் கூலண்டை ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஆன் செய்தார்கள். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு டப்பாவுக்குள் இளஞ்சிவப்புத் தண்ணீர் ஒருமுறை திமிறி, குமிழ்விட்டு, சுற்றிச் சுற்றி ஆடத் தொடங்கியது. முக்கோணம் எரியவில்லை. மாமா, "அத்தான்" என்றார்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கூடத்தில் அவள் பெட்டியின் கண்ணாடிமேல் குனிவது திறந்திருந்த கதவு வழியே தெரிந்தது.

"ஓடுதுங்க" என்று அவள் சொல்வது கேட்டது.

பம்பர் மாட்ட நேரமில்லை. ஊர்தி முன்னால் போக, முகமில்லாத கார் பின்னால் போனது. பாப்பா ஓட்டினாள். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மாமா தன் காரை விட்டுவிட்டு, அப்பாவின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறியிருந்தார். பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஊர்தியின் பின்னால் கார் நின்றதும் இன்ஜின் சத்தம் பொசுக்கென்று அடங்கியது.

"போச்சு" என்றார் மாமா. "நின்னுடுச்சு. நான் அப்பவே நினைச்சேன்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஊர்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கலடா. சத்தமில்லாம ஓடும். சும்மா உக்காரு."

பச்சை விழுந்தது. ஊர்தி கிளம்பியது. பாப்பா மெல்ல மிதித்தாள்.