ஒன்பது இடங்களும் ஒரு படுக்கை விரிப்பும்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை.

எங்கள் வட்டாரத்தில் வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகிற வாரப் பத்திரிகை ஒன்று உண்டு. எட்டுப் பக்கம், அதில் ஆறு விளம்பரம். மீதியில் காலியாகக் கிடந்த அரைப் பக்கத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன்: ‘விடுமுறையில் குடும்பத்தோடு போய்வர ஒன்பது இடங்கள், குழந்தைகளுக்குத் தர ஒன்பது பரிசுகள். விளையாட்டுக்கு விளையாட்டு, படிப்புக்குப் படிப்பு!’ ஆசிரியர் கேட்டது பத்து. பத்தாவது இடம் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஒன்பதில் நான் போயிருப்பது இரண்டே இரண்டு. [அதிலும் ஒன்று, மழைக்கு ஒதுங்கியது.] மற்றதெல்லாம் இவர் சொன்னார், அவர் சொன்னார். இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

படித்தாள் ஒருத்தி. கத்தரித்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்தாள். எதிர் வீட்டில், என் இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து தெளிவாகத் தெரிகிற சமையலறையில்.

2.

ஆரம்பம் ஒன்று: ‘அவள் அந்த வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்தபோது…’

வேண்டாம். காலடி எடுத்து வைக்காமல் யார்தான் வீட்டுக்குள் போகிறார்கள்?

ஆரம்பம் இரண்டு: ‘தாயில்லாப் பிள்ளையின் கண்களில் எப்போதும் ஒரு’

அடித்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் கண்களில் எப்போதும் இருப்பது எங்கள் வாட்ச்மேனின் விசிலை எங்கே ஒளித்துவைக்கலாம் என்ற யோசனைதான்.

ஆரம்பம் மூன்று, அலங்காரம் இல்லாமல்: எதிர் வீட்டில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறார். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற மனிதர். வீட்டுக்கு வந்தால் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். மூன்று வருடம் முன் மனைவி இறந்துபோனார். எட்டு வயதில் ஒரு பெண், பட்டாணி என்று கூப்பிடுவார்கள். ஆறு மாதம் முன் மறுமணம் செய்துகொண்டார். வந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துகிறவள். தெருவில் அவளை லென்ஸ்காரி என்று சொல்வார்கள். [சொல்ல ஆரம்பித்தது நான்.]

விடுமுறை தொடங்கிய அன்று லிஃப்ட்காரரின் அக்கா வந்திருந்தாள். அவள் குரலுக்குக் காது கொடுக்கத் தேவையில்லை, அதுவே வந்து சேரும்.

“உன்னையும் குத்தம் சொல்லல, அவளையும் குத்தம் சொல்லலடா. ஆனா புள்ள இன்னும் ஒட்டலையே. லீவு முடியட்டும். அப்பவும் இப்படியே இருந்தா நான் கூட்டிட்டுப் போய் எங்க ஊர் ஸ்கூல்ல சேத்துடறேன்.”

அடுத்த நாள் காலை ஃப்ரிட்ஜ் கதவில் என் பட்டியல் ஏறியது.

3.

ஒட்டவில்லை என்பதற்கு அக்காவிடம் என்ன ஆதாரம்? சண்டை இல்லை, அழுகை இல்லை. பட்டாணி சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், தலை வாரக் கூப்பிட்டால் வந்து உட்காருவாள். ஒன்றே ஒன்றுதான். லென்ஸ்காரியை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கூரியர்காரர் அண்ணா. வாட்ச்மேன் தாத்தா. நான் மாடி ஆன்ட்டி. தெருமுனைப் பூனைக்குக்கூட மாமா என்று பெயர். இவளுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ‘அம்மா’ நிரம்பிய இடம். ‘சித்தி’ என்றதும் எந்த வீட்டிலும் நாலு தலை திரும்பிப் பார்க்கும். ‘ஆன்ட்டி’ நான்.

நம் மொழியில் ஒருவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே காலத்தை ஓட்டிவிடலாம். வினைச்சொல்லின் வாலில் ஒரு ‘ங்க’ போதும். “தண்ணி குடுங்க.” “ஷூ லேஸ் அவுந்துடுச்சு, பாருங்க.” மரியாதை குறையாது, உறவும் முளைக்காது. அப்பாவிடம் அவளைப் பற்றிச் சொல்லும்போது ‘அவங்க’. பக்கத்திலேயே நின்றாலும் ‘அவங்க’தான்.*

* இதையெல்லாம் எப்படிக் கேட்டேன் என்று கேட்கிறீர்கள். சந்து குறுகல், என் துணிக்கொடி நீளம். துணி காய நேரம் பிடிக்கும்.

4.

முதல் இடம், அருங்காட்சியகம். திங்கட்கிழமை போனார்கள். திங்கள் விடுமுறை என்று நான் எழுதவில்லை, எனக்குத் தெரியாது.

இரண்டாம் இடம், குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். முன்கூட்டியே கடிதம் கொடுத்திருக்க வேண்டுமாம். வெளியே சுவரோரம் நின்று தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தார்கள்.

மூன்றாம் இடம், பறவைப் பூங்கா. ‘நூற்றுக்கணக்கான பறவைகள்’ என்று எழுதியிருந்தேன். ஒரு வாத்து இருந்ததாம்.

அன்று சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட உரக்கக் கழுவப்பட்டன.

“ஒன்பது இடமாம்! எழுதினவங்களப் பிடிச்சு அந்த வாத்து பக்கத்துல ஒரு நாள் முழுக்க உக்கார வைக்கணும்.”

எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது. புனைபெயர் வேறு எதற்கு இருக்கிறது? சட்டென்று துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அது காயக்கூட இல்லை.

[முதலில் இவளைப் பொறுமையின் சிகரமாக எழுதினேன். நாலு வரியில் எனக்கே கொட்டாவி வந்தது. கரண்டியை விட்டெறிகிறவள்தான் இவள்.]

5.

இடங்கள் தோற்றதும் பரிசுகளுக்கு வந்தாள். பட்டியலில் மூன்றாவது பரிசு: பூதக்கண்ணாடி.

“இதுல பூதம் தெரியுமா?” என்றாள் பட்டாணி.

“பூதமெல்லாம் இல்ல. சின்னதா இருக்கிறது பூதம் மாதிரி பெருசாத் தெரியும். எதையாவது வெச்சுப் பாரேன்.”

எட்டு வயதுப் பெண் எறும்பைப் பார்க்கும், இலையைப் பார்க்கும் என்றுதான் நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். பட்டாணி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கூடத்துச் சுவரில் அவள் அம்மாவின் படம், பெரிதாக அச்சடித்து மாட்டியது. சின்னதாகிக்கொண்டே போவது எதுவோ அதைத்தானே பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றும்? கண்ணாடியைப் படத்தின் முகத்துக்கு நேரே வைத்தாள்.

அச்சடித்த படத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கண் இருக்காது, மூக்கு இருக்காது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் இருக்கும்.

“அம்மா இல்ல,” என்றாள். “வெறும் புள்ளி.”

இறங்கி வந்து கண்ணாடியை அதன் பெட்டிக்குள் வைத்து மூடி மேஜையில் வைத்தாள். “இது வேணாங்க.”

“பட்டாணி, அப்படியெல்லாம் சொல்லக்கூடாது,” என்றார் லிஃப்ட்காரர்.

“விடுங்க. பாத்ததத்தானே சொல்றா.”

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டிலிருந்து பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. என் பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து இறங்கியிருந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

6.

சனிக்கிழமை காலை அந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலைக் கறுப்புத் தாள் மூடியது. இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே எட்டிப் பார்த்தேன். தாளின் நடுவில் நாணயம் அளவு ஓட்டை, அதில் ஏதோ மினுங்கியது.

அவள் கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் என்று பிறகு தெரிந்தது. தேய்க்கும்போது ஓரம் உடைந்து கழித்துப்போட்டது. கிட்டத்தில் படிக்கிறவர்களுக்கான அரைப் பவர்.

குரல்கள் மட்டும் வந்தன.

“இருட்டா இருக்கு.”

“இருட்டாத்தான் இருக்கணும். விரிப்ப நல்லா விரிச்சுப் பிடி. பின்னால போ. இன்னும். இன்னும் கொஞ்சம்.”

“இடிச்சிடுச்சு!”

“அது கட்டில்தான். ஏறி நில்லு.”

நான் கம்பிக்கு வெளியே இன்னும் ஒரு சாண் நீண்டேன்.

“ஐயோ.”

“என்ன?”

“தெரு… தெரு உள்ள வந்துடுச்சு!” பிறகு ஒரு கூச்சல். “மாடி ஆன்ட்டி! மாடி ஆன்ட்டி தலைகீழாத் தொங்குறாங்க! நம்ம வீட்டையே பாக்குறாங்க!”

“அது எப்பவும் பாக்குறதுதான்,” என்றாள் லென்ஸ்காரி.

சிரித்தார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. ஆறு மாதத்தில் அந்தச் சத்தம் சந்தைக் கடந்து வந்தது அதுவே முதல் முறை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கையை ஆட்டினேன். “ஆட்டுறாங்க! கையைக் கீழ ஆட்டுறாங்க!”

“அக்கா, நீங்களும் வந்து பாருங்க,” என்று லென்ஸ்காரி என்னைக் கூப்பிட்டாள்.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன், அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

[இந்த இடத்தில் என்னிடம் இருக்கிற கேலி எதுவும் உதவாது. நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.]

இருட்டறைக்குள் ஒரு வெள்ளை விரிப்பு, அதில் எங்கள் தெரு. படம் இல்லை, தெருவேதான். வானம் கீழே கிடந்தது, குளம் மாதிரி. அதன்மேல் மரம் தலைகுப்புற இறங்க, ஒவ்வோர் இலையும் தனித்தனியாக அசைந்தது. மேலே ஒரு சிவப்பு வண்டி கூரையில் ஊர்ந்து போனது. என் துணிக்கொடியில் துண்டு மேல்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. என் பால்கனி இருந்தது, அதில் நான் இல்லை. அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் இல்லாமலே தெரு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

யாரும் வரையவில்லை. மின்சாரம் இல்லை. உடைந்த ஒரு கண்ணாடித் துண்டு வழியாக இவ்வளவும் உள்ளே வந்திருக்கிறது, சத்தம் போடாமல், யாரையும் இடிக்காமல். ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியிலும் இது தினமும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நானோ எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலியைச் சம்பாதித்திருக்கிறேன்.

“எப்படி இது?” என்றேன்.

பட்டாணி பெரிய மனுஷி மாதிரி விளக்கினாள். “மேல இருந்து வர்ற வெளிச்சம் கீழ போகுது, கீழ இருந்து வர்றது மேல போகுது. நடுவுல அந்த ஓட்டைல ரெண்டும் குறுக்க கடக்குது. அவ்வளவுதான் ஆன்ட்டி.”

“அடேயப்பா. யாரு சொல்லிக் குடுத்தா?”

கேட்டதில் என் குசும்பு இருந்தது, மறுக்கவில்லை. என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்றுதான். பட்டாணி முகவாயால் பக்கத்தில் காட்டினாள்.

“இவங்கதான்.”

அவங்க இல்லை. இவங்க. ஓர் எழுத்துதான் மாறியது. லென்ஸ்காரி விரிப்பின் ஓரத்தைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் பட்டாணி கேட்டாள். “அந்தப் பால்கனில எது இருந்தாலும் இங்க வருமா?”

“வெயில்ல இருக்கிற எது வேணாலும் வரும்,” என்றாள் லென்ஸ்காரி. பிறகு கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

7.

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

அ) பட்டாணி ஓடிவந்து கட்டிக்கொண்டு ‘அம்மா’ என்கிறாள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நடக்கவில்லை.

ஆ) அக்கா அழைத்துப் போய்விடுகிறாள், கறுப்புத் தாள் ஜன்னலிலேயே இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

இ) நடந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணி. வெயில் என் பால்கனியில் விழும் நேரம். கதவைத் தட்டி லென்ஸ்காரி நின்றாள். கையில் துண்டில் சுற்றிய ஏதோ.

“அக்கா, ஒரு உதவி. இத கொஞ்ச நேரம் பால்கனில பிடிச்சுக்கிட்டு நிக்கணும். தலைகீழா.”

பிரித்தாள். அந்த அம்மாவின் படம். சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றியிருந்தாள். வெயிலில் கண்ணாடி பளபளக்கும் என்று அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

“தலைகீழாவா?”

“அப்பதான் உள்ள நேரா வருவாங்க.”

“நீ பக்கத்துல இருக்க வேணாமா?”

“அவ பாக்கட்டும் அக்கா. அவங்க ரெண்டு பேர் நடுவுல நான் எதுக்கு?”

அவள் படியிறங்கிப் போனாள். நான் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கம்பியோரம் நின்றேன். அசையக்கூடாது. மூச்சுகூட மெல்லத்தான். அந்த ஜன்னலில் எனக்கு எதுவும் தெரியவில்லை, கறுப்புத் தாளும் அந்த மினுங்கலும் தவிர. வாழ்க்கையில் முதல் முறையாக நான் பார்க்கவில்லை, காட்டிக்கொண்டிருந்தேன்.

கீழே ஒரு டாக்ஸி வந்து நின்றது. அக்கா பெரிய காலிப் பையோடு இறங்கி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க! என் தம்பி பொண்டாட்டி படத்த ஏன் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க? உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

பதில் சொன்னால் கை ஆடும். நான் வாயைத் திறக்கவில்லை. [எங்கள் தெருவில் இதை யாரும் நம்பவில்லை.]

லென்ஸ்காரி அப்போது சந்தின் நடுவில் இருந்தாள். உள்ளே இருட்டிலிருந்து பட்டாணியின் குரல் வந்தது. சந்தைத் தாண்டி என் பால்கனி வரை வந்தது.

“__________! சீக்கிரம் வாங்க! அம்மா வந்திருக்காங்க! முழுசா வந்திருக்காங்க!”

லென்ஸ்காரி நின்றுவிட்டாள், ஒரு செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல். தன்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் அக்காவைத் தவிர யாரும் இல்லை. அக்கா காலிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, “உன்னைத்தான் கூப்பிடுறா. போம்மா,” என்றாள்.

அவள் ஓடியதை நான் பார்க்கவில்லை. அந்த வீட்டு வாசலைப் படம் மறைத்தது. கையும் வலித்தது, கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

அக்காவும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய ‘ஐயோ’ சந்தைக் கடந்து வந்தது. மாலையில் அவள் திரும்பிப் போனபோது பை மடித்துக் கக்கத்தில் இருந்தது.

8.

அந்தக் கோட்டின் மேல் என்ன சொல் என்று கேட்பீர்கள். தெருவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள், ஆசிரியர் இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டார். அச்சில் பிழை, இடம் காலியாக இருக்கிறது என்கிறார். பிழை இல்லை. நான் கேட்டேன், எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை நான் சொல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை, நாக்கு என்னமாய் அரிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வேண்டுமானால் உங்கள் வீட்டு ஜன்னலுக்கும் ஒரு கறுப்புத் தாள் ஒட்டுங்கள். உள்ளே போய் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். தெரு உள்ளே வரும்போது உங்கள் வாய் யாரைக் கூப்பிடுகிறதோ, அந்தப் பெயரை அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் விட்டுப்போன பத்தாவது இடம் அதுதான். அங்கே நான் போயிருக்கிறேன்.

[லென்ஸ்காரிக்கு: வாத்து விஷயம் இப்போது தெரிந்துவிட்டதல்லவா. வருகிறேன். ஒரு நாள் முழுக்க உட்காருகிறேன்.]