லோனப்பனின் கறுத்த முதுகெலும்பு

லோனப்பனுக்கு நிணநீர்க் கட்டிப் புற்று. ஆறு தவணை மருந்தில் மூன்று ஏறியதுமே வயிற்றுக்குள் இருந்த கட்டிகள் கடலை அளவுக்குச் சுருங்கிவிட்டன. மீதி மூன்றையும் முடித்தால் பிழைத்துக்கொள்வார் என்று திருச்சூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இடையில் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தரைதட்டின. ஃபோனில் கேட்டதற்கு யாரோ ஒரு சின்ன டாக்டர், அணு ஏற ஐந்து நாள் ஊசி போடச் சொன்னார். ஊசிக்காகத் தினமும் பஸ் ஏறுவானேன்? குப்பிகளை ஃபிரிட்ஜில் மத்திக்கறிக்குப் பக்கத்தில் வைத்து, எதிர்வீட்டு நர்ஸ் ஷைனி வந்து போட்டுவிட்டாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெளிநாடு போகாமல் மிஞ்சிய நர்ஸ் தெருவுக்கு ஒருத்தி உண்டு. ஊசி உடம்பில் ஏறியது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் முதுகெலும்பு முழுக்க உளி வைத்து அடிப்பதுபோல் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படம் பார்ப்பவர் டாக்டர் வாறுண்ணி. முப்பது வருஷத்தில் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் படம் பார்க்கத் தெரியாதவன் என்று ஆகிவிடுமாம். எலும்பெல்லாம் கறுத்திருந்தது. எங்கும் பரவிவிட்டது என்று எழுதி, டீ குடிக்கப் போனார்.

டாக்டரம்மா மருந்தை நிறுத்தினார். "இனிமே ஏத்தினா அவரை வதைக்கிறதுதான் மிச்சம்."

மைத்துனன் தேவஸி முப்பது நாள் லீவு போட்டு ஷார்ஜாவிலிருந்து வந்தான். குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பேண்டு வாத்தியக்காரரிடம் சொல்லி வைத்தார்கள். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, உட்கார்ந்து, கடிகாரம் பார்த்தார்கள். லோனப்பன் அந்தப் பழங்களைத் தின்று இரண்டு கிலோ ஏறினார்.

"வலி போயிடுச்சுடி த்ரேஸ்யே," என்றார் மனைவியிடம்.

"வலி மாத்திரை வேலை செய்யுது. பேசாம படுங்க மனுஷா."

மாத்திரையை அவர் பத்து நாளாக வாழைக்குழியில் போட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்தாறாம் நாள் தேவஸி கட்டிலருகே வந்து தொண்டையைச் செருமினான்.

"அளியா, மச்சான் ஒண்ணும் நெனச்சுக்கக் கூடாது. வெள்ளிக்கிழம எனக்கு ஃப்ளைட்டு."

"அதுக்கு நான் என்னடா பண்ணட்டும்?"

"இன்னொரு படம் எடுத்துட்டா ஒரு முடிவு தெரியும்ல. லீவு வீணாப் போகுது பாருங்க."

அப்படித்தான் முதல் படத்துக்கு ஒன்றரை மாதம் கழித்து இரண்டாவது படம். எலும்பெல்லாம் தேங்காய்ப் பருப்பாக வெளுத்திருந்தது. வாறுண்ணி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லோனப்பனை உள்ளே கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நோயாளியிடம் கேள்வி கேட்டார்.

"ரத்த அணு ஏற ஊசி ஏதாவது போட்டீங்களா?"

"அஞ்சு போட்டேன் டாக்டரே. முதுகுவலிக்கு முன்னாடி."

வாறுண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "புத்து மருந்து ஏறினா எலும்பு மஜ்ஜை கருகி வெறும் கொழுப்பாயிடும். கொழுப்பு படத்துல வெள்ளையாத் தெரியும். அந்த ஊசி மஜ்ஜையைச் சாட்டையால அடிச்சு வேலை வாங்கும். அப்போ கறுப்பாத் தெரியும், எலும்பும் வலிக்கும். புத்து பரவினாலும் கறுப்புதான். ஆனா ஊசியோட கறுப்பு கொஞ்ச நாள்ல தானா வெளுத்துடும்."

"அப்போ எலும்புல?"

"எலும்புல எப்பவும் ஒண்ணுமில்ல."

"வயித்துல?"

வாறுண்ணி படத்தின் ஓரத்தைக் காட்டினார். கடலை அளவிலிருந்த கட்டியெல்லாம் கோழிமுட்டையாகியிருந்தது. "நடுவுல நிறுத்திட்டாங்கல்ல. பழைய மருந்துக்கு இனி அடங்குறது கஷ்டம்."

"நிறுத்தினது உங்க படத்தால."

"ஊசியப்பத்தி நீங்க சொல்லியிருக்கணும்."

"நீங்க கேட்டிருக்கணும்."

டாக்டர் குனிந்து எழுதத் தொடங்கினார். லோனப்பன் எட்டிப் பார்த்தார். முதல் வரியிலேயே, ஊசி போட்ட விவரத்தை நோயாளி மறைத்துவிட்டார் என்றிருந்தது.

வெளியே வராந்தாவில் த்ரேஸ்யா முட்டிபோட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். படம் எடுத்த பையன் எலும்பு சுத்தம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். தேவஸி ஃபோனில் பாதிரியாரிடம் அற்புதத்தை விவரித்துக்கொண்டிருந்தான். ஃப்ளைட்டுக்கு முன்னால், வியாழக்கிழமையே நன்றிப் பூசை, இருநூறு பேருக்குச் சாப்பாடு.

த்ரேஸ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவிடுக்கில் பார்த்தாள். "அவ்வளவு நேரமா என்ன எழுதறாரு?"

"நான் நல்லா இருக்கேன்னு எழுதறாரு," என்றார் லோனப்பன்.