ஏழு சதவீதம்

பெட்ரோல் வண்டி வைத்திருந்த காலத்தில் வெங்கடேசன் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டதே கிடையாது. ஆவடியில் டைல்ஸ் கடை. எதையும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. அப்படிப்பட்ட மனுஷன் கரண்டில் ஓடும் காரை வாங்கியதற்கு மகள் சுபஸ்ரீயின் நச்சரிப்புதான் காரணம். வாங்கி இரண்டு மாதமாகியும் வண்டி வண்டலூரைத் தாண்டவில்லை.

"இத இன்னா, பூஜை ரூம்ல வெச்சி கும்புடவா வாங்கனீங்க?" என்று மனைவி ஜெயசுதா கேட்ட பிறகுதான் கல்வராயன் மலைக்குப் போகலாம் என்று முடிவானது. நைனார்பாளையத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் கந்தசாமி, மலைமேல் மரவள்ளித் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தோட்டத்தோடு ஒரு ஓட்டு வீடும் இருந்தது. "ரெண்டு நாள் தங்கிட்டு வாங்க மாப்ள, இருசப்பன் எல்லாம் பாத்துக்குவான்" என்று போனில் சொல்லிவிட்டார்.

விக்கிரவாண்டியில் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போட்டுக்கொண்டார்கள். அடுத்தது கள்ளக்குறிச்சியில் போட்டுக்கொண்டு மலையேறுவதாகத் திட்டம். ஆனால் அங்கே சார்ஜ் போடுவதற்கு இருந்த இரண்டு கன்னில் ஒன்றின்மேல் 'வேலை செய்யாது' என்று பேப்பர் ஒட்டியிருந்தது. இன்னொன்றை ஒரு வேன்காரர் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். எங்கே போனார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. வெங்கடேசன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரையில் இன்னும் நூறு கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. போக வேண்டியது அதில் பாதிகூட இல்லை.

"தாராளமா போவலாம். மேல வூட்ல பிளக் இல்லாமயா போயிடும்?" என்றாள் ஜெயசுதா.

கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் பிடித்ததும் அந்த நூறு, ஓட்டைப் பானைத் தண்ணீர் மாதிரி இறங்க ஆரம்பித்தது. ஒரு வளைவுக்கு ஒரு சதவீதம் போனது. ஏசியை நிறுத்தினார், பாட்டை நிறுத்தினார். ஜெயசுதா முந்தானையால் விசிறிக்கொண்டே, "நான் வேணா எறங்கி நடக்கட்டா?" என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்து வீட்டு வாசலில் வண்டி நின்றபோது திரையில் நாலு சதவீதம் சிவப்பாக எரிந்தது.

இருசப்பன் பையை வாங்கிக்கொள்ள ஓடிவந்தார். ஒரு காலத்தில் கந்தசாமியின் வயலில் கூலி வேலை பார்த்தவர். இப்போது மனைவி ஆயம்மாளோடு மேலே வந்து தோட்டத்துக்குக் காவல் இருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்குத் தனியாக ஒரு ஷீட் போட்ட வீடு. மகள் பாரதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் சின்னதுரை கேரளாவில் கட்டட வேலையில் இருந்தான். நாள் இன்னும் இரண்டு வாரம் தள்ளித்தான் இருந்தது. அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்ப்பதாக இருந்தார்கள்.

வெங்கடேசன் கால்கூடக் கழுவாமல் சார்ஜரைத்தான் முதலில் மாட்டினார். பச்சை விளக்கு வரவேண்டிய இடத்தில் சிவப்பு மினுக்கியது. கம்பெனி நம்பருக்கு அடித்தால், "எர்த் இல்லை சார், அதனால்தான் எடுக்காது" என்று ஒரு பெண் குரல் சொன்னது. இருசப்பன் இரும்புக் கடப்பாரை ஒன்றைக் கொண்டுவந்தார். செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து வெங்கடேசன் சொல்லச் சொல்ல, சுவர் ஓரமாகக் குழி எடுத்துக் கடப்பாரையை இறக்கி, பிளக்கின் எர்த் ஒயரை அதில் கட்டி, கரியும் உப்பும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். இடுப்பில் கைவைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்த பாரதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கார் தண்ணி குடிக்குமா சார்?"

"உப்புத் தண்ணிதான் குடிக்கும்மா" என்றார் வெங்கடேசன். பச்சை விளக்கு வந்த சந்தோஷத்தில் அவரும் சிரித்தார்.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது கார் திரையில் நாலு, ஐந்து சதவீதம் ஆகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு. ஏழு ஆனபோது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஒரு சுழற்று சுழற்றியது. எங்கேயோ மரம் முறியும் சத்தம் கேட்டது. வீட்டில் விசிறி நின்றது.

மழை கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆயம்மாள் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, பொண்ணு வலி எடுத்துக்கினு கெடக்குது. தண்ணி ஒடஞ்சிடுச்சி."

ஜெயசுதா ஓடினாள். ஊருக்குள் இருந்த நர்ஸ் குடையோடு வந்து, பாரதியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "கால் முன்னாடி வருது. இங்க வெச்சிக்க வேணாம், கீழ கொண்டு போயிடுங்க." மேலே இருந்த ஆம்புலன்ஸ் வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் இறங்கியிருந்தது. கீழே இருந்து ஒன்று கிளம்புகிறது, வந்துசேர நேரம் ஆகும், எதிரே ஏதாவது வண்டியில் அடிவாரத்துக்கு இறங்கி வந்துவிட்டால் அங்கேயே ஏற்றிக்கொள்வோம் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் போனில் சொன்னார்கள்.

இருசப்பன் வாசலில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் வெங்கடேசனைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார்.

"சார்... அடிவாரம் வரைக்கும்."

வெங்கடேசன் மழையில் இறங்கிப்போய்க் காரைத் திறந்து பட்டனை அழுத்தினார். ஏழு சதவீதம். பதினாலு கிலோமீட்டர் ஓடும் என்றது. அடிவாரம் அதைவிடத் தூரம். நடுவே ஒரு கொண்டை ஊசி வளைவில், மழையில், போனில் ஒரு கோடுகூட இல்லாத இடத்தில் வண்டி செத்து நிற்பதும், பின் சீட்டில் அந்தப் பெண் கத்துவதும் அவர் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

"பாதி வழியில நின்னுடும் இருசப்பா."

இருசப்பன் துண்டை எடுத்துப் பிழிந்தார்.

"நிக்கிற வரைக்கும் போலாமே" என்றாள் ஜெயசுதா, உள்ளே இருந்து.

"நின்ன எடத்துல இன்னா பண்ணுவ? இங்கன்னா தலைக்கு மேல கூரையாவது இருக்கு. நர்ஸ் இருக்காங்க. நடுக்காட்டுல யாரு இருக்கா?"

அவர் சொன்னதில் தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. யாராவது ஒருத்தர் இன்னும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அவர் சாவியைக் கையில் எடுத்திருப்பார். யாரும் பேசவில்லை. இருசப்பன், "ஆமாங்க சார், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, வேறு வண்டி தேடி மழையிலேயே அடுத்த ஊருக்கு ஓடினார்.

அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வெங்கடேசன் கந்தசாமிக்கு அடித்தார். விட்டுவிட்டுக் கேட்ட போனில் மச்சான், "நான் வண்டி அனுப்பறேன் மாப்ள, அனுப்பறேன்" என்று கத்தினார். நைனார்பாளையத்திலிருந்து வண்டி மேலே வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று இருவருக்குமே தெரியும். வெங்கடேசன் வீட்டுக்கும் காருக்குமாக நடந்தார். ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார். காரில் உட்கார்ந்து திரையையே வெறித்தார். ஏழு ஏழாகவே இருந்தது. ஷீட்டின்மேல் மழை அடிக்கிற சத்தத்தையும் மீறி பாரதி கத்துவது கேட்டது. கத்தல் நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது. இத்தனை லட்சம் கொட்டி வாங்கிய வண்டி வாசலில் அலம்பிவிட்ட மாதிரி பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

வெளிச்சம் மங்கிய பிறகுதான் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்தது. மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு வந்த வண்டியை இருசப்பன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மடக்கிக் கொண்டுவந்திருந்தார். டிரைவரும் வெங்கடேசனுமாக மூட்டைகளைச் சேற்றில் இறக்கினார்கள். வெங்கடேசன் தான் படுக்க வேண்டிய மெத்தையைத் தூக்கிவந்து போட்டார். தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பாரதியை ஏற்றியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆயம்மாளும் நர்ஸும் பின்னால் ஏறிக்கொள்ள, இருசப்பன் முன்னால் தொற்றிக்கொண்டார். சிவப்பு விளக்கு வளைவில் மறைகிற வரைக்கும் வெங்கடேசன் மழையில் நின்றார்.

இனி வண்டி வேண்டாமென்று கந்தசாமிக்குச் சொல்லியாகிவிட்டது. கரண்ட் ராத்திரி பூராவும் வரவில்லை. விடிந்ததும் இருசப்பனிடமிருந்து போன்.

"பொறந்துட்ச்சி சார். பொம்பளப் புள்ள. பாதி மலையிலதான் ஆம்புலன்ஸு எதிர்ல வந்துச்சி, மாத்தி ஏத்துனோம். அடிவாரம் போறதுக்குள்ள அதுலியே பொறந்துட்ச்சி. கால் வந்து தல மாட்டிக்கிச்சாம். அழுவல சார். கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்க. பாரதி பரவால்ல."

ஜெயசுதா பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு நின்றாள். "கெளம்புங்க."

"சார்ஜு..."

"நின்னா நிக்கட்டும். நாம ரெண்டு பேர்தானே. பஸ்சு வரும்."

கிளம்பினார்கள். மேட்டிலும் பள்ளத்திலுமாகப் போகிற பாதையில் ஏழு ஆறாகி, ஆறு ஐந்தானது. வெங்கடேசன் வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார். பிறகு இறக்கம் தொடங்கியது. காலை எடுத்துவிட்டார், வண்டி தன்னால் இறங்கியது. இரண்டு வளைவு தாண்டிப் பார்த்தபோது திரையில் ஆறு என்றிருந்தது. முதலில் பார்த்ததுதான் தப்போ என்று நினைத்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஏழு. காடு விலகி, கீழே கோமுகி அணையின் தண்ணீர் தகடு மாதிரித் தெரிந்த இடத்தில் எட்டு.

"ஏறுதுங்க" என்றாள் ஜெயசுதா.

"ம்."

"ஓட்டும்போது எப்பிடி ஏறும்?"

"எறக்கத்துல சக்கரம் சுத்தற சுத்துல அதுவா கொஞ்சம் ஏறுமாம். ஷோரூம்ல சொன்னாங்க."

"சொன்னாங்களா?"

சொன்னார்கள். டை கட்டிய ஒரு பையன் சொன்னான். கறையே படியாத டைல்ஸ் என்று நாமே எத்தனை பேரிடம் விற்றிருக்கிறோம், அது மாதிரி ஒரு பேச்சு என்று வெங்கடேசன் அன்றைக்கு நினைத்துக்கொண்டார். ஜெயசுதா கண்ணாடிப் பக்கம் திரும்பி, கீழே தெரிந்த கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில் வண்டி எட்டோடு சமதரையைத் தொட்டது. நேற்று அவர் மேலேயிருந்து கிளம்பியிருந்தால் தொட்டிருக்கக்கூடிய அதே இடம். இதற்குத் திட்டுவதா, அழுவதா, யாரைத் திட்டுவது என்று எதுவும் புரியாமல் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சார்ஜ் போடுகிற இடத்துக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தைகள் வார்டுக்கு வெளியே, நடையில், சுவரில் சாய்ந்தபடி ஆயம்மாள் உட்கார்ந்திருந்தாள். இருசப்பன் எழுந்து ஓடிவந்தார்.

"ஏன் சார் சிரமப்பட்டு வந்தீங்க? காரு ஓடுச்சா? டீ குடிக்கிறீங்களா?" அவர் கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. "காலையில ஒருவாட்டி அழுதுச்சாம். இடது கையத்தான் தூக்கலன்றாங்க. இழுத்து எடுக்கும்போது நரம்புல அடி பட்டிருக்குமாம். போவப் போவத்தான் தெரியுமாம்."

ஜெயசுதா போய் ஆயம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்கடேசன் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இருசப்பன்தான் ஆறுதல் சொன்னார். "நீங்க இன்னா பண்ணுவீங்க சார், வண்டியில கரண்டு இல்லாததுக்கு. மெத்தைய குடுத்தீங்க, மூட்டைய தூக்குனீங்க. அது போதும்."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை.

"இருசப்பா, எறக்கத்துல சார்ஜ் ஏறுது. இப்ப வரும்போதுதான் பாத்தேன். ஏழோட கெளம்புனேன், எட்டோட எறங்குனேன்."

இருசப்பனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அப்பிடியா சார்? அப்ப நல்லதாப் போச்சி. ஊருக்குப் போறதுக்குக் கஷ்டம் இல்ல."

ஆயம்மாளுக்கு விளங்கிவிட்டது. ஜெயசுதாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நேத்தே போயிருக்கலாமா சார்?"

"போயிருக்கலாம்மா. எனக்குத் தெரியல."

ஆயம்மாள் அவரை வையவில்லை. வைதிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். அவள் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். இருசப்பன் மனைவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் புரிந்தது போலிருந்தது. "டீ வாங்கியாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரொம்ப மெதுவாகப் படியிறங்கிப் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

ஆவடிக்கு வந்த பிறகு வெங்கடேசன் கடைக்கு டைல்ஸ் எடுக்க வந்த ஒரு டாக்டரிடம் கேட்டார், யாருக்கோ நடந்த மாதிரி. கொஞ்சம் முன்னாடி கொண்டுபோயிருந்தால் அந்தக் கை நன்றாக இருந்திருக்குமா? "சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "இருந்திருக்கலாம். இல்லாமயும் போயிருக்கலாம்." அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று வெங்கடேசனுக்குத் தெரியவில்லை. செலவுக்கு என்று அனுப்பிய பணத்தை இருசப்பன் வேண்டாமென்று கந்தசாமி மூலமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லையாம். "சாருக்குச் சொல்லிடுங்க, கெவுருமெண்டு ஆஸ்பத்திரி, செலவு ஒண்ணும் இல்ல" என்றாராம்.

ஜெயசுதா மட்டும் விடாமல் பாரதியோடு பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குத் தேவதர்ஷினி என்று பேர் வைத்தார்கள். சின்னதுரை வேலையை விட்டுவிட்டு வந்து, வாரத்துக்கு ஒருமுறை கைப்பயிற்சிக்காகக் குழந்தையைக் கீழே தூக்கிப் போகிறான் என்றாள். ஒருநாள் மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோதும் போன் காதிலேயே இருந்தது.

"வெரல அசைக்கிறாளாம்" என்றாள் அவரிடம். "தோள்தான் இன்னும் வரல. இந்தாங்க, பேசுங்க."

வெங்கடேசன் போனை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. "சார்?" என்றாள் பாரதி. அத்தனை மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன் சார்" என்றாள் அவள். "நீங்க சாப்ட்டீங்களா?"